ஸ்டெம் செல்லிலிருந்து புற்றுநோய் செல்லை நீக்குவது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய்க்கு, ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லை எடுத்து வைத்து, அதிக டோஸ் கீமோவுக்குப் பிறகு திருப்பி ஏற்றும் மாற்று சிகிச்சை பற்றி எழுதியதிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான். நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்லோடு புற்றுநோய் செல்லும் வந்துவிடுமே, அதை நீக்கிவிட்டுத்தானே திருப்பி ஏற்ற வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான சந்தேகம். பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள் இருபது, முப்பது வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட சந்தேகமும் கூட.

பதிலுக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். எழுதும்போது என்ன நோய், யாருடைய செல் என்ற இரண்டையும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். இந்த இரண்டும் இல்லாத கடிதத்துக்கு யாராலும் உருப்படியான பதில் தர முடியாது.

அப்பாவுக்கு வயது 58, மல்டிபிள் மைலோமா. அவருடைய ஸ்டெம் செல்லையே எடுத்து அவருக்கே கொடுக்கப் போகிறார்கள். அந்தப் பையில் மைலோமா செல் இருக்காதா? சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்கலாமா? (மதுரை)

நோயையும் செல் யாருடையது என்பதையும் தெளிவாக எழுதியதற்கு நன்றி. பையில் மைலோமா செல் இருக்கலாம். பெரும்பாலும் கொஞ்சம் இருக்கும். ஆனாலும் இன்று உலகம் முழுக்க மைலோமாவுக்கு அதைச் சுத்தம் செய்யாமல்தான் ஏற்றுகிறார்கள். இது அலட்சியம் இல்லை, செய்து பார்த்துக் கைவிட்டது.

கணக்கைப் பாருங்கள். நோய் கண்டுபிடிக்கும்போது உடம்பில் இருக்கும் புற்றுநோய் செல்கள் லட்சம் கோடி அளவில் இருக்கலாம். கீமோ நன்றாக வேலை செய்து, மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகும் நூறு கோடி, அதற்கு மேலும்கூட மஜ்ஜையில் மிச்சம் இருக்க முடியும். மெல்ஃபலான் என்ற கீமோ மருந்தை அதிக டோஸில், உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 200 மில்லிகிராம் கொடுப்பது அந்த மிச்சத்தைக் குறைக்கத்தான். மருந்துக்குத் தப்பிப் பிழைத்தவை மஜ்ஜையிலேயே வேரூன்றி இருக்கின்றன. பையில் வருவது அதோடு ஒப்பிட்டால் சொற்பம். ஊரணி முழுக்கப் பாசி பிடித்திருக்கும்போது குடத்தை மட்டும் தேய்த்துத் தேய்த்துக் கழுவி என்ன பயன்?

இது வெறும் ஊகம் இல்லை. மைலோமா நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு சிடி34 முறையில் (அடுத்த பதிலில் விளக்குகிறேன்) பிரித்தெடுத்த ஸ்டெம் செல்லும் மற்ற குழுவுக்கு வழக்கமான பையும் கொடுத்த பெரிய ஆய்வு 2001இல் வெளிவந்தது. பிரித்த பையில் மைலோமா செல் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. சுத்தம் செய்யும் வேலையில் குறையே இல்லை. ஆனால் நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை, நோய் திரும்புவதும் தள்ளிப்போகவில்லை.

எனவே மருத்துவரிடம் கேட்க வேண்டியவை வேறு. மாற்று சிகிச்சைக்கு முன் நோய் எவ்வளவு குறைந்திருக்கிறது? மிச்சமிருக்கும் நுண்ணிய நோயைத் தேடும் எம்ஆர்டி சோதனை பார்த்தார்களா? முடிந்த பிறகு என்ன மாத்திரை, எத்தனை வருடம்? அப்பாவின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பவை இந்த மூன்றும்தான்.

சுத்தம் செய்வது என்றால் உண்மையில் என்ன செய்வார்கள்? (கோயம்புத்தூர்)

இரண்டு வழி. கெட்டதைக் கொல்வது ஒன்று, நல்லதை மட்டும் பொறுக்கி எடுப்பது இன்னொன்று.

முதல் வழியில், 1980களில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் எடுத்த மஜ்ஜையை சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தின் ஒரு வகையில் ஊறவைத்தார்கள். லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோயின் செல்கள் செத்தன. ஆனால் நல்ல ஸ்டெம் செல்களும் அடிபட்டதால் ரத்த அணுக்கள் ஏற வாரக்கணக்கில் தாமதமானது. பாஸ்டனின் டேனா ஃபார்பரில் லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) செல்லின் மேல் ஒட்டும் ஆன்டிபாடியைப் போட்டு, கூடவே அந்த செல்லை உடைக்கும் காம்ப்ளிமென்ட் புரதத்தைச் சேர்த்தார்கள். நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்பு செல் புற்றுநோய் உள்ள குழந்தைகளுக்கு, ஆன்டிபாடி பூசிய காந்த மணிகளால் புற்றுநோய் செல்லை இழுத்தெடுக்கும் முறையை லண்டன் குழு ஒன்று 1984இல் வெளியிட்டது.

இரண்டாவது வழி சிடி34 பிரிப்பு. ஸ்டெம் செல்லின் மேல் இருக்கும் சிடி34 என்ற அடையாளத்தில் ஒட்டும் ஆன்டிபாடியோடு, 50 நானோமீட்டர் அளவிலான இரும்புத் துகளைக் கட்டிவிடுவார்கள். பிறகு பையில் உள்ள திரவத்தை இரும்புக் குருணை நிரப்பிய ஒரு சிறு குழாய் வழியாக விடுவார்கள். குழாயைச் சுற்றிக் காந்தம் இருக்கும். துகள் ஒட்டிய செல்கள் உள்ளேயே நின்றுவிடும், மற்றவை வழிந்து வெளியேறும். அப்புறம் காந்தத்தை விலக்கிக் குழாயைக் கழுவினால், பிடித்து வைத்த ஸ்டெம் செல்கள் சுத்தமாக இறங்கி வரும். பார்க்க அழகான வேலை.

ஆனால் போகும்போது எதிர்ப்புசக்தி தரும் டி செல்களும் போய்விடுகின்றன. அவை இல்லாவிட்டால் எதிர்ப்புசக்தி திரும்ப மாதக்கணக்காகும். சிஎம்வி போன்ற வைரஸ்கள் தலையெடுக்கும். பிரிக்கும்போது ஸ்டெம் செல்லிலும் ஒரு பகுதி வீணாகும். உடல் எடை கிலோவுக்கு 20 லட்சம் சிடி34 செல் என்பது குறைந்தபட்சத் தேவை. அதற்கே இழுபறியாக இருக்கும் நோயாளியிடம் இதை எப்படிச் செய்வது?

இன்னொன்று, இந்த முறை மைலோமாவுக்குப் பொருந்துவதே மைலோமா செல்லில் சிடி34 இல்லாததால்தான். ஏஎம்எல் லுக்கேமியா செல்கள் பலவற்றில் அதே சிடி34 இருக்கும். அங்கே இப்படிப் பிரித்தால் கெட்டதையும் சேர்த்தே பொறுக்குவோம்.

தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். ஸ்டெம் செல்லை சுத்தம் பண்ண எவ்வளவு செலவு? அவசரம், உடனே பதில் தேவை. (திருச்சி)

எந்த ரத்தப் புற்றுநோய்? யாருடைய ஸ்டெம் செல்? இரண்டையும் எழுதவில்லை. மூன்று பக்க ரிப்போர்ட் படம் அனுப்பியிருக்கிறீர்கள், அதில் நோயின் பெயர் இருக்கும் பக்கம் மட்டும் இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். தம்பிக்கு நீங்களோ வேறு யாரோ தானம் கொடுக்கிறீர்கள் என்றால், நீக்குவதற்கு அந்தப் பையில் புற்றுநோய் செல்லே கிடையாது. பாதிப் பொருத்தம் உள்ள அப்பா, அம்மா, சகோதரரிடமிருந்து எடுக்கும்போது சில இடங்களில் டி செல்லைப் பிரித்து நீக்குவார்கள். அது தானம் கொடுத்தவரின் செல் நோயாளியின் உடம்பைத் தாக்காமல் இருக்கச் செய்வது. இதே காந்தக் கருவிதான், நோக்கம் வேறு. இப்போது அதற்குப் பதிலாக, ஏற்றிய மூன்றாம் நான்காம் நாளில் சைக்ளோபாஸ்பமைடு கொடுப்பதுதான் பரவலான, செலவு குறைந்த வழி. முழு விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

நோய் திரும்புவது பையில் உள்ள செல்லிலிருந்துதான் என்று மரபணு அடையாளம் வைத்தே நிரூபித்துவிட்டார்கள் என்று படித்தேன். பிறகும் ஏன் "தேவையில்லை" என்கிறார்கள்? (சென்னை)

நன்றாகப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள். நிரூபித்தது உண்மை. மெம்பிஸின் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையில் மால்கம் பிரென்னர் குழு 1993இல் வெளியிட்டது. லுக்கேமியா குழந்தைகளின் மஜ்ஜையை உறைய வைக்கும் முன், அதில் ஒரு பகுதிக்கு மட்டும் வைரஸ் மூலம் ஒரு அடையாள மரபணுவைச் செருகினார்கள். பிறகு நோய் திரும்பியபோது, திரும்பிய லுக்கேமியா செல்லில் அந்த அடையாளம் இருந்தது. ஆக, பையிலிருந்த செல்லும் நோயைத் திருப்பிக் கொண்டுவர முடியும். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆனால் "முடியும்" என்று காட்டியதே தவிர, "அது மட்டும்தான் காரணம்" என்று காட்டவில்லை. உடம்பில் மிஞ்சிய செல்லும் கூடவே வளர்ந்திருக்கலாம், அதைத் தடுக்க பையைச் சுத்தம் செய்வது உதவாது.

இதற்கு முன்பே, 1991இல், பாஸ்டனில் ஜான் கிரிபன் குழு 114 லிம்போமா நோயாளிகளைப் பற்றி எழுதியது. சுத்தம் செய்த மஜ்ஜையை பிசிஆர் என்ற நுட்பமான மரபணுச் சோதனை வைத்துப் பார்த்தபோது பாதிப் பேருடையதில் லிம்போமா செல் ஒன்றும் அகப்படவில்லை. அவர்களுக்கு நோய் திரும்புவது மற்றவர்களைவிட வெகு குறைவாக இருந்தது. உலகமே சுத்தம் செய்யும் கருவி வாங்க ஓடியது அதன் பிறகுதான். கேள்வி என்னவென்றால், யாருடைய மஜ்ஜை எளிதில் சுத்தமானது? ஒருவேளை ஆரம்பத்திலேயே நோய் குறைவாக, மருந்துக்கு நன்றாகக் கட்டுப்பட்டவர்களுடையதாக இருக்கலாமே! அப்படியானால் பை சுத்தமாக இருந்தது நல்ல நிலைக்கு ஓர் அறிகுறி, காரணம் இல்லை.

இதைப் பிரித்தறிய ஒரே வழி சீட்டுக் குலுக்கிப் போட்டது மாதிரி நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்துப் பார்ப்பது. ஐரோப்பாவில் ஃபாலிகுலர் லிம்போமாவுக்குச் செய்தார்கள், 2003இல் முடிவு வந்தது. நாலு வருட முடிவில் வெறும் கீமோ எடுத்தவர்களில் 46 சதவீதம், சுத்தம் செய்யாத பை பெற்றவர்களில் 71 சதவீதம், சுத்தம் செய்த பை பெற்றவர்களில் 77 சதவீதம் உயிரோடு இருந்தார்கள். மாற்று சிகிச்சை உதவியது தெளிவு. 71க்கும் 77க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஆட்கள் குறைவு.

நியூரோபிளாஸ்டோமாவில் கிட்டத்தட்ட 500 குழந்தைகளை வைத்து அமெரிக்கக் குழு செய்த ஆய்வு 2013இல் வந்தது. ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் சுத்தம் செய்த குழுவில் 40 சதவீதம், செய்யாத குழுவில் 36. புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. பெற்றோர் அத்தனை பேர் சம்மதித்துக் குழந்தைகளைச் சேர்த்ததால்தான் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. அவர்களுக்கு நாம் எல்லோரும் கடமைப்பட்டவர்கள்.

லிம்போமா. ஸ்டெம் செல் எடுக்கும் முன் ரிட்டுக்ஸிமாப் போட்டார்கள். இதுவும் ஒரு வகை சுத்தம்தானா? (ஈரோடு)

ஆமாம். ரிட்டுக்ஸிமாப், பி செல்லில் ஒட்டி அதைக் கொல்லும் ஆன்டிபாடி மருந்து. அதனால் இது உடம்புக்குள்ளேயே செய்யும் சுத்தம். பையும் உடம்பும் ஒரே மருந்தில் பலன் பெறுகின்றன. வெளியே வைத்துக் கழுவும் வேலை பி செல் லிம்போமாவில் வழக்கொழிந்து போனதற்கு இதுவும் முக்கியக் காரணம்.

எங்கள் மருத்துவமனையில் ஸ்டெம் செல்லை உறைய வைக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்து மூன்றாம் நாள் ஏற்றினார்கள். வசதி இல்லாததால் குறுக்கு வழியா? (தஞ்சாவூர்)

இல்லை. மெல்ஃபலான் உடம்பிலிருந்து சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். அதனால் மைலோமாவில் செல்லை 4 டிகிரியில் வைத்து இரண்டு மூன்று நாளில் ஏற்றிவிடலாம். இந்தியாவில் பல நல்ல மையங்கள் இப்படிச் செய்கின்றன, அணுக்களும் ஒழுங்காகவே ஏறுகின்றன. செலவும் மிச்சம். பல நாள் கீமோ தரும் லிம்போமா முறைகளுக்குத்தான் உறைய வைப்பது அவசியம்.

குழந்தை பிறக்கப் போகிறது. தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கச் சொல்கிறார் ஒரு நிறுவனப் பிரதிநிதி. பின்னாளில் குழந்தைக்கு லுக்கேமியா வந்தால் அதையே பயன்படுத்தலாமாம். அதில் புற்றுநோய் செல் இருந்தால் "அதற்குள் வடிகட்டும் தொழில்நுட்பம் வந்துவிடும்" என்கிறார். பணம் கட்டலாமா? (சென்னை)

கட்டாதீர்கள். இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் மறுபடி கடிதம் வருகிறது, ஏனென்றால் பிரசவ வார்டு வாசலிலேயே இந்தப் பேச்சு நடக்கிறது. எட்டாம் மாதம், வயிற்றில் குழந்தை, மனதில் ஆயிரம் பயம். அந்த நேரத்தில் லுக்கேமியா என்ற சொல்லைக் காதில் போட்டால் எந்தத் தாய் தகப்பன் நிதானமாக யோசிப்பார்கள்? எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைகளுக்கு வரும் லுக்கேமியாவில் கணிசமானவற்றின் முதல் மரபணுக் கோளாறு கருவிலேயே ஏற்பட்டுவிடுகிறது. லண்டனில் மெல் கிரீவ்ஸ் குழு 1990களின் கடைசியில் இதைக் காட்டிய விதம் அருமையானது. பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் ஒற்றி வைப்பார்கள். பின்னாளில் லுக்கேமியா வந்த குழந்தைகளின் அந்தப் பழைய அட்டைகளைத் தேடி எடுத்துப் பார்த்தபோது, லுக்கேமியாவில் இருந்த, இரண்டு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொண்ட அதே கோளாறு, அட்டையில் காய்ந்திருந்த ரத்தத்திலேயே இருந்தது. சிலருக்கு நோய் வெளிப்பட்டது அதற்குப் பல வருடம் கழித்து.

அதாவது நீங்கள் பணம் கட்டிச் சேமிக்கும் ரத்தத்திலேயே நோயின் விதை இருக்கக்கூடும். இதனால்தான், லுக்கேமியா வந்த குழந்தைக்கு அதன் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்தை மருத்துவர்கள் நாடுவதில்லை. தவிர, லுக்கேமியாவில் மாற்று சிகிச்சை வேலை செய்வதில் பாதி, வேறொருவரின் டி செல்கள் மிச்சமுள்ள லுக்கேமியா செல்லை அந்நியனாகப் பார்த்துக் கொல்வதால். சொந்த செல் அதைச் செய்யாது.

"வடிகட்டும் தொழில்நுட்பம்" என்பதற்கு மேலே சொன்ன முப்பது வருட வரலாறே பதில். அதுவும் ஒரு தொப்புள்கொடிப் பையில் இருப்பது கொஞ்சம் செல்தான், வளர்ந்த ஆளுக்கு ஒரு பை பெரும்பாலும் போதாது. எந்த முறையில் பிரித்தாலும் ஒரு பகுதி வீணாகும். மீதியை வைத்து என்ன செய்வது? மேலும், முழு லுக்கேமியா செல்லாக மாறாத, ஒரே ஒரு கோளாறு மட்டும் உள்ள செல் வெளித் தோற்றத்தில் நல்ல செல் போலவே இருக்கும். எதை வைத்து அடையாளம் கண்டு நீக்குவார்கள்? பிரதிநிதியிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

தொப்புள்கொடி ரத்தமே உபயோகமில்லை என்று சொல்லவில்லை. 1988இல் பாரிஸில் எலியன் குளூக்மான் குழு ஃபான்கோனி அனீமியா என்ற பரம்பரை ரத்தநோய் உள்ள ஒரு சிறுவனுக்கு அவனுடைய தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றிக் காப்பாற்றியது. கவனியுங்கள், தங்கையுடையது, தன்னுடையது அல்ல. வீட்டில் ஏற்கனவே தலசீமியா போன்ற நோயுள்ள குழந்தை இருந்து அடுத்தது பிறக்கிறது என்றால், மருத்துவரிடம் பேசிச் சேமிப்பதில் அர்த்தம் உண்டு. அப்போதும் பொருத்தம் அமைய வாய்ப்பு நாலில் ஒன்று. மற்றபடி, எதற்கும் இருக்கட்டும் என்று தன் குழந்தைக்காகவே தனியார் வங்கியில் சேமிப்பதை ஐசிஎம்ஆரும் பரிந்துரைப்பதில்லை, குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பும் பரிந்துரைப்பதில்லை. அந்தப் பணத்தில் குழந்தைக்கு ஒரு நல்ல மருத்துவக் காப்பீடு எடுங்கள், தடுப்பூசி எதையும் விட்டுவிடாமல் போடுங்கள்.

ஸ்டெம் செல் ஏற்றும்போது அறை முழுக்கப் பூண்டு வாசனை. அண்ணனுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. ஏதோ ரசாயனத்தில் கழுவியிருக்கிறார்களா? (விருதுநகர்)

கழுவவில்லை. உறைய வைக்கும்போது செல் உடைந்துவிடாமல் இருக்க டிஎம்எஸ்ஓ என்ற திரவம் சேர்ப்பார்கள். பையை 37 டிகிரி வெந்நீரில் உருக்கி உடனே ஏற்றும்போது அதுவும் உள்ளே போய் மூச்சு வழியாக வெளியே வருகிறது. பூண்டு வாசனை அதனுடையது, ஒன்றிரண்டு நாளில் போய்விடும். பையில் உடைந்த சிவப்பணுக்களின் நிறம்தான் சிறுநீரில் தெரிந்தது. ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ சிறுநீர் குறைந்தாலோ உடனே சொல்ல வேண்டும்.

மைலோமாவுக்கு மாற்று சிகிச்சை முடிந்து ஆறு மாதம். எம்ஆர்டி நெகட்டிவ். உடம்பு சுத்தமாகிவிட்டதால் நோய் திரும்பாமல் இருக்கத் தந்த லெனலிடோமைடு மாத்திரையை நிறுத்திவிட்டேன். சரிதானே? (சேலம்)

சரியில்லை. யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்?

எம்ஆர்டி நெகட்டிவ் மிக நல்ல செய்தி, ஆனால் அது பூஜ்யம் இல்லை. பத்து லட்சத்தில் ஒரு செல்லைக் கண்டுபிடிக்கும் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும், மஜ்ஜை முழுவதையும் கணக்கிட்டால் லட்சக்கணக்கில் மைலோமா செல் ஒளிந்திருக்க இடம் உண்டு. மாற்று சிகிச்சைக்குப் பிறகு லெனலிடோமைடு எடுத்தவர்களுக்கு நோய் திரும்பாமல் இருந்த காலம் நாலரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு, எடுக்காதவர்களுக்கு இரண்டு வருடம். மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வந்த கணக்கு இது, ஆயுளும் கூடியது. பையைச் சுத்தம் செய்து யாராலும் சாதிக்க முடியாததை இந்த ஒரு மாத்திரை சாதிக்கிறது.

வயிற்றுப்போக்கு, வெள்ளணு குறைவு, சோர்வு என்று தொல்லை இருந்தால் டோஸைக் குறைக்கலாம், இடைவெளி விடலாம். எம்ஆர்டியை வைத்து எப்போது நிறுத்துவது என்பதும் இன்று பேசப்படும் விஷயம்தான். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர். இந்த வாரமே போய்ப் பாருங்கள். மற்றவர்களுக்கும் சேர்த்து மறுபடி சொல்கிறேன்: பராமரிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பப்பாளி இலைச் சாறு, அருகம்புல் சாறு ரத்தத்தைச் சுத்தப்படுத்தி புற்றுநோய் செல்லை நீக்குமா? (திண்டுக்கல்)

நீக்காது. வெள்ளணு குறைவாக இருக்கும் நாளில் பச்சை இலைச் சாறு குடித்தால் கிருமித் தொற்று வர வாய்ப்பு உண்டு. வேண்டாம்.

சுத்தம் செய்வது பழைய கதை என்றால் இனி எங்குமே அதற்கு வேலை இல்லையா? மருத்துவ மாணவி. (வேலூர்)

உண்டு, எதிர்பாராத ஓர் இடத்தில். கார்-டி சிகிச்சையில் நோயாளியின் டி செல்லை எடுத்து, பி செல்களின் மேல் இருக்கும் சிடி19 என்ற அடையாளம் உள்ள செல்லைத் தேடிக் கொல்லும்படி, கார் என்ற புரதத்தின் மரபணுவைச் செருகி ஏற்றுகிறோம். நம் நாட்டிலேயே ஐஐடி பாம்பேயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு 2018இல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதியது. டி செல்களோடு ஒரே ஒரு லுக்கேமியா செல் கலந்திருக்கிறது. தயாரிப்பின்போது அந்த மரபணு இதற்குள்ளும் புகுந்துவிட்டது. லுக்கேமியா செல்லின் மேலேயே கார் புரதம் முளைத்து, தன் சிடி19 மேல் தானே ஒட்டி அதை மறைத்துக்கொண்டது. தேடி வந்த கார்-டி செல்களின் கண்ணுக்கு அது படவில்லை. ஏறத்தாழ ஒன்பது மாதத்தில் நோய் திரும்பியது, அத்தனையும் அந்த ஒற்றை செல்லின் வம்சம். நோயாளி இறந்துவிட்டார்.

மைலோமாப் பையில் லட்சம் செல் இருந்தும் அது முடிவை மாற்றவில்லை, இங்கே ஒரு செல் மாற்றிவிட்டது. அங்கே ஏற்றியது உடம்பில் ஏற்கனவே இருந்த அதே வகை செல். இங்கே நாமே அதற்கு ஒளிந்துகொள்ளும் சக்தியைக் கொடுத்து ஏற்றினோம். இது மிக அரிதான நிகழ்வு, ஆனாலும் கார்-டி தயாரிக்கும்போது டி செல்லைத் தனியே பிரித்தெடுத்து பி செல் ஒன்றுகூட மிஞ்சாமல் பார்ப்பதில் இன்று இவ்வளவு கவனம் செலுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். செல் தயாரிப்புக் கூடத்தில் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் அந்தக் கட்டுரையை வரி விடாமல் படியுங்கள்.